மரக்காணம் போன் லைனும் எங்கள் தமிழ்ப் பொதியும்

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் விட்டுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்து வேலை பார்ப்பவள். "அண்ணே, ஒரு பேக்கேஜப் பிரிக்கலாமா வேணாமான்னு நீங்கள்லாம் எப்படிண்ணே முடிவு பண்ணீங்க? இங்க எல்லாரும், இப்பதான் ஸ்பீடு நெட்டு வந்துடுச்சே, எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி அனுப்புன்றாங்க. நீங்க பிரிச்சு வெச்சதப் பார்த்தா சிலத ஏன் பிரிச்சீங்கன்னு புரியல. சிலத ஏன் பிரிக்கலன்னும் புரியல" என்றாள்.

போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? எழுதித் தருகிறேன் என்றேன். அவளுக்காக ஆரம்பித்ததுதான் இது.

ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். எனக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனாலும் இயங்குதளம் கட்டுகிற வேலையிலிருந்து ஓய்வுதான். இப்போது கோலியனூரில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடம், பிறகு விழுப்புரத்தில் கல்லூரி, பிறகு யாரோ சொல்லி ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. படித்தேன், பசித்தது, மறுபடி படித்தேன். வேலை கிடைத்தது புதிய நூற்றாண்டு பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆனபோது. விழுப்புரம் பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம்.

என்ன வேலை என்று அப்பா கேட்டார். சொன்னேன். கிராமங்களில் சின்னச் சின்னதாகக் கம்ப்யூட்டர் மையம் வைத்திருப்பவர்கள் விலை கொடுத்து இயங்குதளம் வாங்க முடியாது. அதனால் யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய இலவச இயங்குதளம் ஒன்றை நாங்கள் தமிழாக்கி, சிடியில் போட்டுக் கொடுக்கிறோம். அது ஒரே துண்டாக இருக்காது. பல மூட்டைகளாக இருக்கும். பேச்சில் பேக்கேஜ், எழுத்தில் பொதி. எது எந்தப் பொதியில் இருக்கவேண்டும், எந்தப் பொதியை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்று பார்ப்பது என் வேலை. அப்பா கரும்பு வெட்டப் போய்வந்த கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிரிக்கிறதுக்கா சம்பளம் தர்றாங்க?"

"ஆமாம்பா."

"நம்ம ஊர்ல சும்மாவே பிரிப்பானுங்களேடா."

இதை மறுநாள் அலுவலகத்தில் சொன்னதும் கிறிஸ்டினா மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். மேடம்தான் எங்கள் ஆறேழு பேருக்கும் தலைவி. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஏற்கெனவே எங்கள் அலுவலகத்தில் பொதியைப் பிரிப்பதற்குத் 'தனிக்குடித்தனம்' என்றுதான் பேர். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. நாங்கள் முதன்முதலில் வெளியிட்ட சிடியை அதில் போட்டு அப்படியே வைத்திருந்தோம். என்ன புதிதாகச் செய்தாலும் முதலில் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கவேண்டும். அது சுலபத்தில் எதையும் ஏற்றுக்கொள்ளாது. அதன் பேர் 'மாமியார்'. "ஏழுமலை, மாமியார் ஒத்துக்கினாங்களா?" என்று படியேறும்போதே மேடம் குரல் கேட்கும். கீழே சைக்கிள் கடைக்காரர் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

மேடத்தின் மேஜையில் எப்போதும் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். நாம் பேசப் பேச உரித்துக்கொண்டே கேட்பார். தலை நிமிராது. வேண்டாம் என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஒரே கேள்விதான்: "யாருக்கு?" அதற்குப் பதில் இல்லையென்றால் உரித்த பருப்பில் நாலை எடுத்து நம் கையில் வைப்பார். போய்ட்டு வா என்று அர்த்தம். சொன்ன விஷயம் அவருக்குள்ளே போயிருந்தால் உரிப்பது நின்றுவிடும். அவர் கை எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டே பேசக் கற்றுக்கொண்டோம்.

அந்த 'யாருக்கு' என்ற கேள்வி முகையூரில் பிறந்தது. நான் சேர்வதற்கு முன்பு நடந்தது. மேடமே பலமுறை சொல்லியிருக்கிறார். பிரிண்ட் எடுப்பதற்கான பொதி பெரிதாக இருந்தது. பாதி மையங்களில் பிரிண்டரே கிடையாது. அவர்களுக்கு எதற்கு இத்தனை பிரிண்டர்களுக்கான சரக்கு என்று யோசித்து மேடம் அதைத் தனிப் பொதியாகப் பிரித்தார். நியாயமான யோசனைதான். புதிதாகச் சிடி போட்டவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் கதைதான் வேறு. புதுப்பித்ததும் அவர்களுடைய பழைய பொதி இளைத்துவிட்டது. பிரிந்துபோன பாதியும் கூடவே வரவேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் இன்று ஊமை. அன்று கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.

மேடம் சிடியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். முகையூர் மையத்தை நடத்தியவர் சத்தம் போடவில்லையாம். ஒரு நாற்காலியை இழுத்து வாசலில் போட்டாராம். "உக்காருங்க மேடம். திரும்பிப் போற புள்ளைங்களக் கொஞ்சம் பாருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அதன்பிறகுதான் எங்கள் அலுவலகத்தில் இந்த வழக்கம் வந்தது. ஒரு பொதியைப் பிரிக்கவேண்டும் என்று சொல்பவர், அது யாருக்காகவோ அந்த ஆள் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரவேண்டும். பிரித்து முடித்த பிறகு மறுபடியும் போய்ப் பார்க்கவேண்டும். அதற்கு 'மறுவீடு' என்று பேர்.

எனக்கு அந்த வயசில் பிரிப்பதென்றால் ஒரு வெறி. எங்களுடைய பொதிகளிலேயே பெரியது தமிழ்ப் பொதி. தமிழ் எழுத்துருக்கள், தட்டச்சு செய்யும் முறைகள், திரையில் வரும் சொற்களின் மொழிபெயர்ப்பு, பிழை பார்க்கும் சொற்கள், படமும் குரலுமாய்ச் சொல்லித் தரும் பாடங்கள் எல்லாம் அதற்குள் கிடந்தன. பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரிக்கும். வகைக்கு ஒன்றாகப் பிரித்து, கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, பெரிய தாளில் வரைந்து மேடம் முன்னால் விரித்தேன்.

"அழகா இருக்கு. யாருக்கு?"

"எல்லாருக்கும்தான் மேடம். சுத்தமா இருக்கும்ல."

"சுத்தமா இருக்கும்னுதான் முகையூரப் பண்ணேன்" என்றார், தலை நிமிராமல். "ஒண்ணா இருந்தா ஒரு கவல. பிரிச்சா ரெண்டுன்னு நெனைக்கிற நீ. மூணு. இது ஒண்ணு, அது ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல வர்ற சண்ட ஒண்ணு. ஒருத்தன் புது மொழிபெயர்ப்பப் போட்டுக்கினு பழைய கீபோர்டோட உக்காந்திருப்பான். அவன் போன் பண்ணுவான். நீதான் எடுக்கணும்."

நாலு மல்லாட்டைப் பருப்போடு என் இடத்துக்குத் திரும்பினேன்.

கொஞ்ச நாளில் வேறு ஒரு போன் வந்தது. வந்தது திண்டிவனம் பஸ் நிலையத்தில் இருந்த ஒரு பூத்திலிருந்து. மறுமுனையில் ஒரு பெண். பின்னால் கண்டக்டர்கள் ஊர் பேர் சொல்லிக் கத்துகிறார்கள்.

"சார், மரக்காணம் பக்கம் குப்பத்துலேருந்து அஞ்சலாட்சி பேசறேன். கம்ப்யூட்டர் சென்டர்."

"சொல்லுங்கம்மா. ஏன் திண்டிவனத்துலேருந்து பேசறீங்க? மையத்துல போன் இருக்குமே?"

"இருக்குது சார். அதுல உங்க பேக்கேஜு பேசிக்கினு இருக்குது. அது முடிச்சு வெச்சாத்தான நான் பேச முடியும்?"

போனை வைத்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே மேடத்திடம் சொன்னேன். மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய் உக்காந்துட்டு வா" என்றார்.

திண்டிவனத்தில் பஸ் மாறி மரக்காணம் போனேன். அஞ்சலாட்சிக்கு என் வயசுதான் இருக்கும். பன்னிரண்டாவது முடித்தவள். அவர்கள் குப்பத்தில் அதுவே பெரிய படிப்பு. ஊர் பஞ்சாயத்தார் மீன் ஏலம் விடுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அறையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு கடமை. தினமும் முற்பகலில் அவள் இணையத்தில் காற்றும் அலையும் எப்படி என்று பார்க்கவேண்டும். மத்தியானம் கடலுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டால் சொல்லவேண்டும். பக்கத்துக் குப்பங்களிலிருந்தும், கடலூர், பாண்டிச்சேரி என்று தங்கித் தொழில் செய்கிற அவர்கள் ஊர் ஆட்களிடமிருந்தும் அதே நேரத்தில் போன் வரும். இருந்தது ஒரே லைன். இணையமும் அதில்தான், பேச்சும் அதில்தான்.

நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் மோடத்தைப் போட்டாள். அது கீச்சுக் கீச்சென்று கத்தி இணைந்தது. உடனே எங்கள் இயங்குதளம் தன் பாட்டுக்குப் புதுப்பிக்க ஆரம்பித்துவிட்டது. தமிழ்ப் பொதியில் ஏதோ திருத்தம், அதனால் மொத்தப் பொதியும் மறுபடி வருகிறது. காற்று நிலவரம் காட்டும் பக்கம் ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. லைனைத் துண்டித்தால் வந்த வரைக்கும் வீண். எங்கள் புதுப்பிப்பான் அந்தக் காலத்தில் அப்படி. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து வரும்.

"இன்னா சார் திருத்தியிருக்கீங்க இந்தத் தடவ?"

பார்த்தேன். இரண்டு சொற்களுக்கு மொழிபெயர்ப்பை மாற்றியிருந்தோம்.

"ரெண்டு வார்த்தைக்கா?" என்று என்னையே பார்த்தாள். "ஒரு ஓடு ஒடைஞ்சா வூட்டையே பிரிச்சுக் கட்டுவீங்க போல."

"புதுப்பிக்கிறத நிறுத்தி வெச்சுடலாமே?"

"வெச்சனே. அப்ப கௌசல்யான்ற பேரு உடைஞ்சு உடைஞ்சு வந்துச்சு. மனு எழுத வந்த பொம்பள, எம் பேரக்கூட ஒழுங்கா எழுதத் தெரியலன்னு எழுந்து போய்ட்டா. நீங்கதான் சரி பண்ணி அனுப்புனீங்க. அதுக்காகத் தெறந்தேன். தெறந்தா இப்டி."

அப்போது வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். ஊர் நாட்டார்களில் ஒருவர். குப்பத்தில் பஞ்சாயத்து சொல்பவர்களுக்கு அந்தப் பேர்.

"இன்னாம்மா, இன்னிக்கும் மூட்ட வந்துக்கினு இருக்குதா? எம் மருமவன் கடலூர்லேருந்து போட்டுப் போட்டுப் பார்த்துட்டு வெச்சுட்டான்."

"இதோ முடிஞ்சிடும் சித்தப்பா."

"முடியட்டும். அமாவாசக் கூட்டத்துல பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அஞ்சலாட்சிக்குப் பயமாக இருந்தது. லைன் கிடைக்காத மையம் எதற்கு, வலை வைக்கவாவது அந்த அறை உதவும் என்று ஊரில் பேச்சு வந்துவிட்டதாம். அமாவாசைக் கூட்டத்தில் அறையைத் திருப்பிக் கேட்பார்கள். கேட்டால் அவள் மறுபடி இறால் கம்பெனிக்கு உரிக்கப் போகவேண்டும். "ஐஸ்ல கைய விட்டே இருந்தா வெரல் மரத்துடும் சார். கீபோர்டுல வெச்சாலும் தொட்டது தெரியாது" என்று சொல்லி, விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினாள்.

மறுநாள் அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வார்த்தை என்று சொன்ன இடத்திலேயே மேடம் கை நின்றுவிட்டது.

"சரி. எங்க வெட்டற?"

நான் என் பழைய தாளை எடுத்தேன். "எழுத்துரு தனி, கீபோர்டு தனி, சொல்லு தனி..."

"அது உன் ஆசை. அஞ்சலாட்சி இன்னா கேட்டா? எழுத்துரு தனியா வேணும்னு கேட்டாளா?"

"இல்ல மேடம். லைன் வேணும்னு கேட்டா."

"அப்ப அத வெச்சு வெட்டு."

கோபம் வந்தது. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்து, நாங்கள் அதுவரை அனுப்பிய தமிழ்ப் பொதிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எந்தக் கோப்பு மாறியிருக்கிறது? சொற்கள் மாறியிருந்தன. தட்டச்சு முறை மாறியிருந்தது. மறுபடி சொற்கள். மறுபடி தட்டச்சு. எழுத்துருக்கள் முதல் சிடியில் இருந்தபடியே இருந்தன. பாடங்களின் படமும் குரலும் அப்படியே. பொதியின் கனமெல்லாம் அந்த அசையாத சரக்கில்தான். மாறுகிற சரக்கு ஒரு கைக்குட்டையில் முடிந்துகொள்கிற அளவு.

என் தாளில் இருந்த அம்புக்குறி ஒன்றுகூட இந்தக் கோட்டின் வழியாகப் போகவில்லை. மாறுவது ஒரு பக்கம், மாறாதது ஒரு பக்கம். ஒரே வெட்டு. எழுத்துருவும் பாடமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, ஆனால் ஒரே பொதியில் இருக்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. மேடத்திடம் சொன்னேன்.

"அசிங்கமா இருக்கு மேடம்."

"இருக்கட்டும். மாமியாரக் கேளு."

மாமியார் முதலில் சொத்துத் தகராறு செய்தாள். பழைய பொதியில் இருந்த எழுத்துருவைப் புதுப் பொதியும் தன்னுடையது என்கிறது, ஒரே கோப்புக்கு இரண்டு சொந்தக்காரர்கள் என்று பாதியில் நின்றுவிட்டாள். இனி இது புதியவருக்குத்தான் என்று பழையதிலிருந்து எழுதி வாங்கிக் கொடுத்தேன். முகையூர் மாதிரி ஆகிவிடாமல், பழைய பொதியை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பாதியும் சேர்ந்தே வரும்படி கட்டினேன். அதற்கும் ஒத்துக்கொண்டாள். அப்புறம்தான் திரையில் ஒரு வரி வந்தது. எவ்வளவு இறக்கவேண்டும் என்று சொல்லும் வரி. படித்ததும் மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

புதுப் பொதி என்றால் எல்லாருக்கும் அது புதிதுதான். எழுத்துருவும் பாடமும் ஏற்கெனவே அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்தாலும், புதிய பேரில் ஒருமுறை மொத்தமாக இறங்கியே ஆகவேண்டும். இனிமேல் பாரமே இருக்காது என்று சொல்வதற்காக, கடைசியாக ஒருமுறை முழுப் பாரத்தையும் அந்த லைனில் ஏற்றவேண்டும். அதுவும் அமாவாசைக்கு முன்னால், நாட்டார்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது.

"கூட்டம் முடிஞ்ச பிறகு வெளியிடலாமா?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள அவ அறைய வாங்கிட்டாங்கன்னா?"

"அப்ப பிரிக்க வேணாமா மேடம்?"

மேடம் உரிப்பதை நிறுத்தினார். ஒரு கொட்டை பாதி உரித்தபடி கையில் இருந்தது. "கனமான பாதி லைன்லதான் போகணும்னு யாரு சொன்னா?" என்றார். "முகையூருக்கு எதுல போனேன்? பஸ்லதான?"

அந்த வாரம் எங்கள் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. கனமான பாதியைச் சிடிகளில் எழுதி எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் ஒரு பக்கம் பஸ் ஏறினோம். ஒருவர் வளவனூர், ஒருவர் முகையூர் என்று பிரிந்து போனார்கள். சிடியைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது, போட்டு, புதுப்பித்து, உட்கார்ந்து பார்த்துவிட்டு வரவேண்டும் என்று உத்தரவு. எங்கள் அலுவலகத்திலேயே பெரிய மறுவீடு அதுதான். மரக்காணத்துக்கு என்னோடு மேடமே வந்தார். வழிச் செலவுக்கு மல்லாட்டைப் பொட்டலம் வேறு.

அமாவாசைக்கு முந்தின நாள் முற்பகல். அறைக்குள் அஞ்சலாட்சி, மேடம், நான். வாசலில் அந்த நாட்டார், கூட நாலைந்து பேர்.

"ஆபீசுலேருந்தே வந்துட்டீங்களா? இன்னிக்கு மூட்ட கையிலயேவா?" என்றார்.

"ஆமாங்க ஐயா. லைனுக்கு வேல வைக்கல, சொமந்துக்கினு வந்துட்டோம்" என்றார் மேடம்.

சிடியைப் போட்டேன். கனமான பாதி சத்தமில்லாமல் உள்ளே போனது. பிறகு அஞ்சலாட்சி மோடத்தைப் போட்டாள். கீச்சென்றது. மாறுகிற பாதி மட்டும் லைனில் வந்தது. அவள் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு மேடத்துக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. காற்று நிலவரப் பக்கம் முழுசாகத் திரையில் விரிந்தது. அவள் கௌசல்யா என்று அடித்துப் பார்த்தாள். உடையாமல் வந்தது. லைனைத் துண்டித்தாள்.

"அவ்ளோதானா?" என்றார் நாட்டார்.

"அவ்ளோதாங்க."

எல்லாரும் போனையே பார்த்தோம். அது பேசாமல் இருந்தது. இத்தனை நாள் லைன் கிடைக்காமல் கிடைக்காமல், இனிமேல் இங்கே போன் போட்டுப் புண்ணியமில்லை என்று எல்லாரும் விட்டுவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றியது. அஞ்சலாட்சி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வைத்தாள். மேடம் மல்லாட்டை உரிக்க ஆரம்பித்தார். நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பார்ப்போம், நாளைக்குக் கூட்டத்துல..." என்று ஆரம்பித்தார்.

போன் அடித்தது.

மேடம் கை நின்றது. நான், "வந்துடுச்சு மேடம்!" என்று கத்தியே விட்டேன். வாசலில் இருந்தவர்களும் ஆளுக்கொன்று பேச, நாட்டார், "கடலூர்லேருந்தா பாரும்மா, எம் மருமவனா பாரு!" என்று அறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

அஞ்சலாட்சி ரிசீவரைக் காதில் வைத்து, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, எங்கள் எல்லாரையும் ஒரு முறை முறைத்தாள். மேடத்தையும் சேர்த்துத்தான்.

"செத்த சும்மா இருங்க எல்லாரும். காத்து சொல்லணும்."

சும்மா இருந்தோம். அவள் திரையைப் பார்த்துப் பார்த்து, தெக்கத்திக் காத்து, அலை அதிகமில்லை, மத்தியானம் போகலாம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.